குடமும் கிணறும்

சொட்டும் குழாயை அடைப்போம். அரிசி கழுவிய நீரை வாழைக்கு ஊற்றுவோம். சந்தைக்குத் துணிப்பை கொண்டு போவோம். மூணாறு லயங்களிலும் சித்தூர் வீடுகளிலும் நம் பெண்கள் யாரும் சொல்லாமலே செய்து வருவதுதான் இது.

ஆனால் சிக்கனம் ஏழைக்கு மட்டும்தானா? 2000-இல் சித்தூரை அடுத்த பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலை வந்தது. நிலத்தடி நீரை உறிஞ்சியது. கிணற்று நீர் குடிக்க உதவாமல் போனது. மயிலம்மா முதலிய ஆதிவாசிப் பெண்கள் 2002 ஏப்ரல் 22-இல் போராட்டத்தில் இறங்கினர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இழப்பீட்டுக்காக 2011-இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கோ குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

குடத்து நீரைச் சேமிப்பது நம் கடமை; கிணற்றைக் காப்பதும் நம் கடமையே. கிராமசபைக்குக் குடும்பத்தோடு செல்வோம். நம் ஊர்த் தண்ணீரை யார், எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்போம்!