ஜாகுவார் கைவிட்ட விலை

2024 நவம்பர் 19 அன்று ஜாகுவார் கார் நிறுவனம் ஒரு விளம்பரப் படத்தை வெளியிட்டது. இளஞ்சிவப்புப் பாறைகள் நிறைந்த ஏதோ ஒரு வேற்றுக்கிரகத்தில் லிஃப்ட் ஒன்று திறக்கிறது. கண்ணைப் பறிக்கும் உடைகளில் சிலர் இறங்கி வருகிறார்கள். ஒருவர் பெயிண்ட் பிரஷ்ஷை ஏந்துகிறார், இன்னொருவர் சம்மட்டியைத் தூக்குகிறார். 'எதையும் நகலெடுக்காதே' என்ற வாசகத்தோடு படம் முடிந்துவிடுகிறது. கார் வரவேயில்லை. 'நீங்கள் கார் விற்கிறீர்களா?' என்று ஈலான் மஸ்க் கேட்டார். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் தன் பங்குக்குப் பரிகசித்தார்.

அந்த விளம்பரத்தைத் திட்டியும் ஆதரித்தும் எழுதவேண்டியதையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டார்கள். புதிய பெயர்ப்பொறிப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் கலந்துவிட்டார்கள் என்பது இன்னொரு பெரிய புகார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத நம் மொழியில் இருந்துகொண்டு அந்தக் கோபத்தை முழுதாக உணர்வது சிரமம்தான். (நம் பத்திரிகைகள் ஜாகுவாரைச் 'சிறுத்தை' என்றே எழுதுகின்றன. தென்னமெரிக்கக் காட்டு விலங்கான அது சிறுத்தையும் அல்ல, புலியும் அல்ல. பெயர்க் குழப்பத்தில் நாமும் சளைத்தவர்கள் இல்லை.) எழுத்து, நிறம், மின்சாரம் ஆகிய மூன்றையும்விட முக்கியமான ஒன்றை இந்த நிறுவனம் மாற்றியிருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசவில்லை என்பது என் எண்ணம். அது விலை.

பெயர் மாற்றம் ஜாகுவாருக்குப் புதிதல்ல. 1922இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் வில்லியம் லயன்ஸ் என்ற இளைஞரும் வில்லியம் வால்ம்ஸ்லியும் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தொட்டி செய்யும் கடையாகத்தான் இதைத் தொடங்கினார்கள். பிறகு கார்களுக்கு மேற்கூடு கட்டினார்கள், அதன் பிறகு எஸ்.எஸ். என்ற பெயரில் முழுக் காரே செய்தார்கள். ஜாகுவார் என்பது 1935இல் ஒரு மாடலுக்கு வைத்த பெயர். உலகப்போர் முடிந்தபோது எஸ்.எஸ். என்ற இரண்டு எழுத்துகள் ஹிட்லரின் படையை நினைவூட்டின. 1945இல் நிறுவனமே ஜாகுவார் ஆயிற்று. அந்த மாற்றத்துக்கு மறுக்க முடியாத ஒரு காரணம் இருந்தது.

லயன்ஸ் பொறியாளர் அல்லர். அவருடைய சொத்து கண் மட்டுமே. எந்த வளைவு எங்கே முடியவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதைவிட நன்றாகத் தெரிந்தது, அந்த வளைவை எவ்வளவுக்கு விற்கவேண்டும் என்பது. 1948இல் எக்ஸ்.கே.120 காரை அறிமுகப்படுத்தியபோது வரிக்கு முந்தைய விலை ஆயிரம் பவுண்டுக்கும் ஒரு துளி குறைவு. 1961இல் ஜெனீவாவில் ஈ-டைப் வந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் பின்னாளில் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்ட கார் அது. விலை சுமார் இரண்டாயிரம் பவுண்ட். அதற்கு நிகராக ஓடிய ஆஸ்டன் மார்ட்டினின் விலையில் ஏறத்தாழப் பாதி. ஐம்பதுகளில் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஐந்து முறை வென்ற நிறுவனம் இப்படி விற்றால், வங்கி மேலாளரும் பல் டாக்டரும் வாங்காமல் என்ன செய்வார்கள்? திருடர்களும் வாங்கினார்கள், துரத்திய போலீசும் வாங்கியது. கோலின் டெக்ஸ்டரின் ஆரம்ப நாவல்களில் துப்பறியும் மோர்ஸ் ஓட்டியது லான்சியா கார். 1987இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் அவருக்கு ஜாகுவார் மார்க் 2 தரப்பட்டது. அது அவ்வளவு பொருந்திப்போனதால் நாவலாசிரியரே மறுபதிப்புகளில் காரை மாற்றிக்கொண்டார். எழுதியவனையே திருத்தவைத்த கார் வேறு இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை.

பணக்காரத் தோற்றம், பணக்காரர் கொடுக்கவேண்டியதில் பாதி விலை. ஜாகுவார் என்றால் அவ்வளவுதான். அதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருந்தது: லாபம் மெலிந்ததாகவே இருக்கும், நட்டம் வந்தால் தாங்க ஒரு முதலாளி வேண்டும்.

முதலாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். 1966இல் பி.எம்.சி., 1968இல் பிரிட்டிஷ் லேலண்ட். இந்த லேலண்ட் நமக்கு அன்னியமில்லை. எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. நம்மூர் பஸ்ஸின் நெற்றியில் இருந்த பெயருக்குரிய நிறுவனம்தான் பின்னர் ஜாகுவாருக்கும் உடைமைக்காரன். சிட்னியிலும் அதற்கு ஒரு தொழிற்சாலை இருந்தது, செட்லண்டில். 1973இல் பி76 என்ற காரைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே மூடுவதாக அறிவித்தார்கள். அந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள்.

மதராஸில் இதைவிட நெருங்கிய உறவு ஒன்று உண்டு. லயன்ஸின் ஆரம்பகால எஸ்.எஸ். கார்களுக்கு எஞ்சின் கொடுத்தது காவென்ட்ரியின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. அதன் இந்தியக் கிளைதான் வண்டலூரை ஒட்டி ஹெரால்டும் கேசலும் செய்த ஸ்டாண்டர்ட். நொடித்துக்கொண்டிருந்த அந்த நிறுவனம் 1985இல் ஒரே தாவலில் மேலே போகப் பார்த்தது. ஸ்டாண்டர்ட் 2000 என்ற சொகுசுக் கார். உடம்பு 1976இல் இங்கிலாந்தில் வந்த அழகான ரோவரினுடையது. எஞ்சினோ, நாற்பதுகளின் வான்கார்ட் காலத்துப் பழைய சரக்கு. பார்த்தவர்கள் மயங்கினார்கள், வாங்கியவர்கள் பெட்ரோல் பங்க்கில் நின்றார்கள். 1988இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையும் அதோடு போயிற்று. மெலிந்துபோன பெயரொன்று தன்னால் தாங்க முடியாத விலைக்குத் தாவினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் போகவேண்டியதில்லை, தாம்பரம் தாண்டினால் போதும்.

அரசுடைமை, 1984இல் மறுபடி தனியார், 1989இல் ஃபோர்டு என்று ஜாகுவார் கைமாறியது. ஃபோர்டு 2001இல் மொண்டியோவின் அடித்தளத்தில் எக்ஸ்-டைப் என்று ஒரு சின்ன ஜாகுவாரைச் செய்து எண்ணிக்கையைப் பெருக்கப் பார்த்துத் தோற்றது. 2008 ஜூனில் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ் வாங்கியது. ஒரு லட்ச ரூபாய் நானோவை அறிமுகப்படுத்திய அதே ஆண்டு. காலனி நாடு எஜமானனின் காரை வாங்கிவிட்டது என்று நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம், அது இயல்புதான். ஆனால் வாங்கிய இரண்டு பிள்ளைகளில் சம்பாதித்தது லேண்ட் ரோவர் மட்டுமே. ஜாகுவார் பி.எம்.டபிள்யூவோடு போட்டியிட 2015இல் எக்ஸ்.ஈ. காரைக் கொண்டுவந்தது. அதுவும் எடுபடவில்லை. 2018இல் உலகெங்கும் சுமார் 1,80,000 ஜாகுவார்கள் விற்றன. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவரின் சொத்து மதிப்பைக் குறைத்து எழுதி 26,961 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. அதுவரை எந்த இந்திய நிறுவனமும் ஒரு காலாண்டில் அவ்வளவு இழந்ததில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, 2021 பிப்ரவரியில் அன்றைய தலைமை அதிகாரி தியரி பொலோரே எடுத்த முடிவைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜாகுவார் முழுக்க மின்சாரக் காராகும், எண்ணிக்கையில் குறையும், விலையில் ஏறும் என்றார் அவர். ஜெர்மானியர்களோடு எண்ணிக்கையில் போட்டியிட்டு இருமுறை தோற்றவர்கள் மூன்றாம் முறை முயல்வதுதான் முட்டாள்தனம்.

அதற்காகக் கடையையே சாத்தினார்கள். 2024இல் பிரிட்டனில் புதுக் கார் விற்பனையை நிறுத்தினார்கள். மற்ற நாடுகளிலும் மாடல்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஆகவே 2025 ஏப்ரலில் ஐரோப்பாவில் 49 ஜாகுவார்கள் மட்டுமே பதிவாயின, முந்தைய ஆண்டு அதே மாதம் 1,961 என்று வந்த செய்தியை, விளம்பரத்தால் நேர்ந்த வீழ்ச்சி என்று படிப்பது தவறு. சரக்கே இல்லாத கடையில் கல்லா நிரம்பாது. பழைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தங்களுடன் வரப்போவதில்லை என்பதை நிறுவனத்தாரே ஒளிக்காமல் சொன்னார்கள். புதிய நாலு கதவுக் காரின் விலை ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் என்றும், 2026இல் முழுமையாக வெளிவரும் என்றும் அறிவித்தார்கள்.

ஒரு லட்சம் பவுண்ட் என்பது ஆஸ்திரேலியக் கணக்கில் இரண்டு லட்சம் டாலரை ஒட்டியது. அதற்கு மேல் 33 சதவீதச் சொகுசுக் கார் வரி வேறு இருக்கிறது. நான் வசிக்கும் செவன் ஹில்ஸில் மின்சாரக் கார்களுக்குக் குறைவில்லை. ரயில் நிலையத்து நிறுத்தத்தில் டெஸ்லாவும் பி.ஒய்.டி.யும் வரிசையாக நிற்கின்றன. வாங்கியவர்கள் பெட்ரோல் செலவையும் கூரைச் சூரியத் தகட்டையும் கூட்டிக் கழித்து வாங்கியவர்கள். நம்மவர் வீட்டு விருந்துகளில் கார் பேச்சு வந்தால் முதல் கேள்வி 'ஒரு சார்ஜில் எவ்வளவு ஓடும்?' என்பதுதான். இன்றைய வங்கி மேலாளரும் பல் டாக்டரும் இவர்களே. லயன்ஸ் இருந்திருந்தால் இவர்களுக்குத்தான் விற்றிருப்பார். புதிய ஜாகுவார் இவர்களைத் தாண்டி மேலே பார்க்கிறது.

மேலே இருப்பவர்களோ மின்சாரத்தில் சலிப்படைந்திருக்கிறார்கள். போர்ஷேயின் மின்சார டைக்கான் விற்பனை 2023இல் 40,000க்கு மேல் இருந்தது, 2024இல் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. 2025 செப்டம்பரில் போர்ஷே தன் மின்சாரத் திட்டங்களைத் தள்ளிப்போட்டு எஞ்சின் கார்களுக்கு மீண்டும் இடம் கொடுத்தது. பென்ட்லியும் காலக்கெடுவை நீட்டியது. இத்தனைக்கும் ஜாகுவார் இந்த ஓட்டத்தில் முன்னால் நின்ற நிறுவனம். 2018இல் வந்த ஐ-பேஸ் மறு ஆண்டு உலகின் சிறந்த காராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து மேம்படுத்தாமல் விட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் ஓட்டுநர் இல்லாத வேமோ டாக்ஸியாக ஓடியதே அதன் பின்கதை.

இந்தச் சூதாட்டத்துக்குப் பணம் தருவது யார்? ரேஞ்ச் ரோவரும் டிஃபெண்டரும். 2024-25 நிதியாண்டில் ஜாகுவார் விற்பனை 27,000ஐக்கூட எட்டவில்லை, ஆனால் ஜாகுவார் லேண்ட் ரோவர் வரிக்கு முன் 250 கோடி பவுண்ட் லாபம் பார்த்தது. அண்ணன் சம்பாத்தியத்தில் தம்பி வேஷம் கட்டுகிறார். அண்ணனுக்கும் கஷ்டகாலம் வந்தது: அமெரிக்க இறக்குமதி வரி, பிறகு 2025 ஆகஸ்ட் கடைசியில் நடந்த கணினித் தாக்குதலால் ஒரு மாதத்துக்கு மேல் தொழிற்சாலைகள் முடங்கியது. பிரிட்டிஷ் அரசு 150 கோடி பவுண்ட் கடனுக்கு உத்தரவாதம் தரவேண்டி வந்தது. அந்த நவம்பரில் தலைமைப் பொறுப்பேற்றவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பி.பி. பாலாஜி, டாடா மோட்டார்ஸின் நிதி அதிகாரியாக இருந்தவர். கணக்கு பார்ப்பவரை அனுப்பியிருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு இதில் இருக்கும் பங்கு இப்போது சின்னதல்ல. 2024 செப்டம்பர் 28 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில், ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களையும் சேர்த்துச் செய்யும் டாடா தொழிற்சாலைக்கு முதல்வர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்றார்கள். மேடையில் டாடா குழுமத் தலைவர், நாமக்கல் மாவட்டம் மோகனூர்க்காரர் சந்திரசேகரன். அங்கே மின்சாரக் கார் செய்யும் யோசனையை ஜாகுவார் லேண்ட் ரோவர் ஒத்திவைத்துவிட்டது, உள்ளூர் உதிரிபாகங்களின் விலையும் தரமும் ஒத்துவரவில்லை என்று 2025இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. புதிய ஜாகுவாரின் பட்டறை இங்கிலாந்தின் சோலிஹல். பனப்பாக்கத்துக்கு அதில் வேலை இல்லை, அதன் நட்டத்தில் மட்டும் பங்குண்டு. ஜாகுவாரைக் கைகழுவிய ஃபோர்டு 2021இல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலைநகர்த் தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காக எத்தனை மாதம் போராடினார்கள் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பனப்பாக்கத்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டிகள் என்பது திட்டம். அந்த அளவை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று டாடா மோட்டார்ஸ் அறிவித்தது. புதிய ஜாகுவார் விலைபோகிறதா இல்லையா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.