அம்மாவைப் பார்க்கிற அக்காவுக்கு யார் சம்பளம் கொடுப்பது?



படுக்கையில் விழுந்துவிட்ட தாய் தகப்பனை யார் பார்ப்பது, செலவுக்கு என்ன செய்வது? சப்ரகமுவ தோட்டங்களிலிருந்து வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. எட்டியாந்தோட்டையோ தெரணியகலையோ, பலாங்கொடையோ இறக்குவானையோ, கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பிள்ளை கொழும்பில் கடை வேலையில், ஒரு பிள்ளை வெளிநாட்டில் வீட்டு வேலையில். அம்மாவுக்குப் பக்கவாதம், அல்லது படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அது பெரிய ஆறுதல். ஆனால் டிக்கெட் வெட்டியதும் லயத்துக்குத்தானே வர வேண்டும்?

தனியார் பராமரிப்பு இல்லத்தின் மாதக் காசை நாட்சம்பளத்தில் கட்ட முடியாது. அரசாங்க முதியோர் இல்லங்கள் சில இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கைதடியில் உள்ளதில் தமிழ் பேசலாம், ஆனால் இறக்குவானையிலிருந்து அங்கே போய் மாதத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பார்த்துவர எத்தனை பேரால் முடியும்? ஆகவே நம்முடைய முதியோர் இல்லம் லயத்துக் காம்பராதான். தாதி, வீட்டில் மிஞ்சிய மகள், இல்லையென்றால் மருமகள்.

அந்த மகளைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத வேண்டும் என்று தோன்றியது. "அக்கா வீட்டில்தானே இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள்" என்று தம்பி தங்கைகள் சொல்வதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அக்கா வீட்டில் சும்மா இருந்தவள் இல்லை, மலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் 20 நாள் வேலைக்கு 27,000 ரூபாய். ஐந்து வருடம் அம்மாவைப் பார்த்தால் 16 இலட்சத்து 20 ஆயிரம். அதோடு முடியவில்லை. கம்பனி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அந்த ஐந்து வருடத்தில் அதில் மட்டும் 2 இலட்சத்து 43 ஆயிரம் போய்விடுகிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேரும். அதிலும் 94,500 ரூபாய் குறைகிறது. அம்மாவின் முதுமையைத் தாங்குகிற அக்கா தன் முதுமைக்கான காசை இழக்கிறாள். நாளைக்கு அவள் படுத்தால் அவளைப் பார்க்க யார், எதை வைத்து?

கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற தம்பி தங்கைகளிடம் இதைச் சொல்ல விரும்புகிறேன். தீபாவளிக்கு ஒரு சேலையும் எப்போதாவது ஐயாயிரமும் அனுப்பினால் போதாது. பேம்பர்ஸ், படுக்கைப்புண்ணுக்கு மருந்து, கிளினிக் போகும் ஓட்டோக் காசு, இதெல்லாம் அம்மாவின் செலவு. அதற்கு மேல் அக்காவுக்கு மாதம் தவறாமல் ஒரு தொகை, சம்பளமாக, அவள் பெயரில் உள்ள கணக்குக்குப் போக வேண்டும். எவ்வளவு, யார் யார் எத்தனை என்பதை எல்லோரும் ஒரே நேரத்தில் போனில் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடப்பிறந்தவர்களுக்குள் கணக்கா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கணக்கு இல்லாததால் பேச்சு வார்த்தை அறுந்துபோன குடும்பங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

பெற்றோரின் சொந்தக் காசும் இருக்கிறது. வேலையை விட்ட பிறகு பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். அந்தக் காசு கைக்கு வந்ததும் கூரைத் தகரம், மகளின் கல்யாணம், மகனின் ஏஜென்சிக் காசு என்று கரைந்துவிடுகிறது. கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைக்காகத்தான் முப்பது வருடம் கொழுந்து பறித்தார்கள், பால் வெட்டினார்கள். ஆனாலும் பாதியையாவது நிலையான வைப்பில் போடுங்கள். பிள்ளைகளே, அதைக் கேட்காதீர்கள்.

அந்தக் காசே கிடைக்காமல் அலைகிறவர்களும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, தோட்டத்துப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து. வேலையில் இருக்கும்போதே இதைத் திருத்துங்கள். ஓய்வுபெற்ற பிறகு நடையாய் நடக்க உடம்பு இடம் கொடுக்காது. சேவைக்காலப் பணத்தை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகப் பணமும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.

70 வயது தாண்டிய, வருமானம் குறைந்த முதியோருக்கான மாதக் கொடுப்பனவு 2025இலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. உங்கள் தோட்டத்தில் தகுதியிருந்தும் எடுக்காதவர்கள் இருந்தால் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போங்கள். சிங்களத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் இப்போது லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் சட்டப்படி, வசதியிருந்தும் பார்க்காத பிள்ளையிடமிருந்து பராமரிப்புக் காசு கேட்டு முதியோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கவும் முடியும். எந்தத் தாயும் அங்கே போக வேண்டிய நிலை வரக்கூடாது. ஆனால் அப்படியொரு வழி இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

உங்கள் வீட்டில் இந்தச் செலவை எப்படிப் பகிர்கிறீர்கள் என்று எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். அம்மாவைப் பார்க்கிற அக்காமார் எழுதுவதை முதலில் பிரசுரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்