மாவுக்குள் போகிற ஏலக்காய்க்கு அழகு எதற்கு?

டிசம்பர் வந்துவிட்டால் கேக், பிஸ்கெட் வாசனைதான். அந்த வரிசையில் இப்போது ஸ்ட்ரூசல் பாரும் சேர்ந்திருக்கிறது. பெயர்தான் மிரட்டும், செய்வது சுலபம். மைதா 200 கிராம், வெண்ணெய் 100, சர்க்கரை 100. மூன்றையும் விரலால் பிசிறினால் உதிரி உதிரியாக வரும். பாதியைத் தட்டில் அழுத்தி, நடுவில் ஜாம் தடவி, மீதியை மேலே தூவி, 180 டிகிரியில் பொன்னிறமாகும் வரை அவனில் வைத்தால் ஆயிற்று. ஆறியதும் துண்டு போடலாம்.

வாசனைக்குப் பட்டை போடுபவர்கள் அதிகம். ஏலக்காயும் அருமையாகப் பொருந்தும். சுவீடனிலும் பின்லாந்திலும் ஏலக்காய் பன் அன்றாடப் பலகாரம்.

சரி, எந்த ஏலக்காய்? விஷயமே இங்கேதான் இருக்கிறது.

போடிமெட்டுக்கு மேலே தோட்டங்களில் பறித்த காய், ஸ்டோரில் உலர்ந்து கீழே போடிநாயக்கனூருக்கு வருகிறது. அங்கே சல்லடையில் சலித்து, பெண்கள் கையால் பொறுக்கி, அளவு வாரியாக, நிறம் வாரியாகப் பிரிக்கிறார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல், பச்சைப் பசேல் என்று இருந்தால் ராஜ மரியாதை. சிறுசு, வெளுத்தது, வாய் பிளந்தது என்றால் விலை இறங்கிவிடும்.

பரிசுப் பெட்டியில் வைக்க அழகு வேண்டும்தான். பொடித்து மாவில் கலப்பவருக்கு எதற்கு? வாசனை எண்ணெய் பெரும்பாலும் விதையில்தான் இருக்கிறது, தோலில் அல்ல.

பச்சை நிறம் பக்குவமாக உலர்த்தியதற்கு அடையாளம் என்பார்கள். உண்மைதான். ஆனால் நிறத்துக்கே தனி விலை என்றானதும் சாயம் பூசும் ஆசையும் வந்துவிடுகிறது. ஏலக்காயில் சாயம் சேர்க்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நிறத்தை மட்டும் பார்த்து வாங்குபவர் இருக்கும்வரை அந்த விதிக்குச் சோதனைதான்.

இன்னொன்று. ஒரே செடியில் பெரிசும் சிறுசும் சேர்ந்தேதான் காய்க்கின்றன. பறிக்கும் கூலியும் உலர்த்தும் செலவும் சிறுசுக்கு மட்டும் குறைவதில்லை. எல்லோரும் பெரிசையே கேட்டால் மீதிக் காய்க்குப் பட்ட பாட்டுக்கு யார் விலை கொடுப்பது?

எனவே பேக்கிங்குக்குச் சிறிய காயே வாங்குங்கள். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். விதை கறுத்து, லேசாகப் பிசுபிசுத்து, மென்றால் சுள்ளென்று இருக்க வேண்டும். காய்ந்து உதிர்ந்தால் பழைய சரக்கு. பொடியாக விற்பதை வாங்காமல், மாவு பிசிறும்போது அரை டீஸ்பூன் அளவுக்குப் புதிதாகப் பொடித்துக்கொள்ளுங்கள்.

மிச்சமாகும் தோலை டீத்தூள் டப்பாவில் போட்டுவிடுங்கள். அதுவும் வீணாக வேண்டாம்!