4கே மோகமும் ரெண்டடி மேசையும்

நேரா விஷயத்துக்கு வர்றேன். பெங்களூருல குடும்பம் நடத்துற நம்ம ஆளுங்க, பிள்ளைங்க விளையாடுற பொட்டிக்கு 4கே மானிட்டர் வாங்குறது பெரும்பாலும் தண்டச் செலவு. அதை ஓட்டுறதுக்குன்னு லட்சத்தைத் தொடுற கிராபிக்ஸ் கார்டு வாங்குறது அதுக்கு மேல ஒரு தண்டம். கோபப்படுறவங்க கணக்கைப் படிச்சிட்டுக் கோபப்படுங்க.

பி.யூ.சி. பரிட்சை முடிஞ்சதும் ஒவ்வொரு வீட்டுலயும் இந்தப் பேச்சு வந்துடும். அப்பா பதினஞ்சு வருஷமா பொட்டி தட்டுறவர். ஆபீஸ்ல சர்வர் வாங்கணும்னா நாலு கொட்டேஷன் கேட்பார். மகனுக்கோ மகளுக்கோ கிராபிக்ஸ் கார்டுன்னு வந்தா மட்டும் நகைக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி ஆயிடுறார். பக்கத்து ஃபிளாட்டுல வாங்கினதைவிட ஒரு சுத்து கூட இருக்கணும், அவ்வளவுதான் அவரோட அளவுகோல்.

ஒரு நண்பர் குடும்பத்தோட பெரிய ஷோரூம் ஒண்ணுக்குத் துணைக்குப் போயிருந்தேன். விற்பனைத் தம்பி 32 அங்குல 4கே மானிட்டரையும் 8 ஜிபி கார்டு ஒண்ணையும் காட்டி, "ஃபியூச்சர் ப்ரூஃப் சார், அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை"ன்னார். பொண்ணு மெதுவா, "அப்பா, நான் வேலரன்ட்தானே ஆடுறேன்?"னு கேட்டா. "நீ சும்மா இரும்மா, அவருக்குத் தெரியாதா?"ன்னார் நண்பர். அந்தக் கடையில விவரமாப் பேசின ஒரே ஆள் அந்தப் பொண்ணுதான் :-)

வேலரன்ட், பழைய இன்டெல் சில்லோட கூடவே வர்ற கிராபிக்ஸ்லயே ஓடுற மாதிரி எழுதின ஆட்டம். அதுக்கு வேண்டியது வேகமான திரை. 60 ஹெர்ட்ஸ் திரையில ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட். 144 ஹெர்ட்ஸ்ல 7. சுடுறவன் முந்துறதும் சாகுறதும் அந்தப் பத்துக்குள்ளதான். புள்ளி எண்ணிக்கை அங்க சோறு போடாது.

இப்போ கணக்கு. சாதாரண 1080 திரையில ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளி. 1440 திரையில 36.9 லட்சம். 4கேயில 82.9 லட்சம். அதாவது 1080-ஐப் போல சரியா நாலு மடங்கு, 1440-ஐப் போல ரெண்டேகால் மடங்கு. இத்தனை புள்ளிக்கும் ஒவ்வொரு நொடியும் அறுபது தடவை, நூறு தடவை வண்ணம் கணக்குப் போடணும். பணம் போறது அங்கதான்.

பதிலுக்கு கண்ணுக்கு என்ன கிடைக்குது? சாதாரணக் கண்ணு ஒரு டிகிரியில அறுபதில் ஒரு பங்கைத்தான் பிரிச்சுப் பார்க்கும். 27 அங்குல 1440 திரையில ஒரு புள்ளி 0.23 மில்லிமீட்டர். 80 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தா அது தனியாத் தெரியாது. நம்ம ரெண்டு பெட்ரூம் வீட்டுல படிக்கிற மேசை ரெண்டடி ஆழம், கண்ணு இருக்கிறது 65, 70 சென்டிமீட்டர்ல. அங்க 4கேக்கு ஒரு அனுகூலம் உண்டு, மறுக்கல. நின்னுக்கிட்டிருக்கிற எழுத்து கூர்மையாத் தெரியும். நாள் முழுக்க கோடு படிக்கிற அப்பா தன் வேலைக்கு 4கே வாங்கினா அதுல நியாயம் இருக்கு. ஆனா ஓடிக்கிட்டே இருக்கிற ஆட்டத்துல அந்த வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

இதைவிட வேடிக்கை ஒண்ணு இருக்கு. கடைக்காரர் 4கேயில ஓட்டிக் காட்டுற ஆட்டம் பல நேரம் 4கேயே கிடையாது. என்விடியாவோட டிஎல்எஸ்எஸ்ல பெர்ஃபார்மன்ஸ் முறையைப் போட்டா கார்டு உள்ளுக்குள்ள வரையிறது 1080 படம். குவாலிட்டி முறையில 1440 படம். அதைத்தான் ஊதிப் பெருசாக்கித் திரையில காட்டுது. நல்லாவே பெருசாக்குது, வித்தை அருமை. ஆனா 1440 படத்தைத்தான் வரையப் போறோம்னா 1440 திரையை வாங்குறதுல என்ன கௌரவக் குறைச்சல்?

2025 ஜனவரியில என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையேறி, 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 பழைய 4090-க்குச் சமம்னு முழங்கினார். ஒரு நிஜப் படத்துக்கு நடுவுல மூணு படம் வரைக்கும் கற்பனையாச் செருகுற உத்தியையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. நிஜப் படம் நொடிக்கு முப்பதுன்னா திரை மூலையில 120-ன்னு எண் காட்டும். மவுஸைப் பிடிச்ச கைக்கு அது முப்பதுதான். இந்தியாவுல அந்தக் கார்டுக்கு அறிவிச்ச விலை 59,000 ரூபாய். எண்ணைப் பார்த்து வாங்கினவங்க எண்ணோடதான் விளையாடணும்.

பேர் விளையாட்டும் புதுசில்லை. 2014-ல வந்த ஜிடிஎக்ஸ் 970-ல 4 ஜிபின்னு போட்டிருந்தாங்க. கடைசி அரை ஜிபி மந்தமானதுன்னு அடுத்த ஜனவரியில வெளியே வந்தது. வழக்காகி, அமெரிக்காவுல வாங்கினவங்களுக்கு ஆளுக்கு 30 டாலர்னு முடிஞ்சது. 2022-ல 4080-ன்னு ஒரே பேர்ல ரெண்டு வேற வேற சில்லை அறிவிச்சாங்க. எதிர்ப்பு கிளம்பவே சின்னதை வாபஸ் வாங்கி, 2023 ஜனவரியில 4070 டிஐன்னு வேற பேர்ல வித்தாங்க. 2025-ல 5060 டிஐயும் ஏஎம்டியோட 9060 எக்ஸ்டியும் 8 ஜிபி, 16 ஜிபின்னு ஒரே பேர்ல வந்தன. ரெண்டுலயும் அறிவிச்ச விலை வித்தியாசம் 50 டாலர்தான். 8 ஜிபி நிரம்பினா கார்டு மெயின் மெமரிகிட்ட கையேந்தும், ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். அந்த 50 டாலரை மிச்சம் பிடிக்கிறது தப்பான சிக்கனம்.

மானிட்டர் ஸ்டிக்கரும் அதே லட்சணம். 'ஹெச்டிஆர் 400'-க்கு 400 நிட்ஸ் வெளிச்சம் போதும். திரையைப் பகுதி பகுதியா இருட்டாக்குற வசதி கட்டாயமில்லை, அது இல்லாம ஹெச்டிஆர் வெறும் பேருதான். 'ஹெச்டிஎம்ஐ 2.1'-ன்னு போட்டிருந்தாலும் அதோட முழு வேகம் இருக்கணும்னு விதி இல்லை. '1 மில்லிசெகண்ட்'-ன்னா எந்த முறையில அளந்ததுன்னு கேளுங்க.

2025 செப்டம்பர் 22-லிருந்து 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாச்சு. உடனே "வரி குறைஞ்சிடுச்சு சார், 43 அங்குலமே எடுங்க"ன்னு கிளம்பிட்டாங்க. வரி குறைஞ்சா மேசை நீளுமா?

அமெரிக்காவுல இருக்கிற மச்சினன் கொண்டு வருவார்னு காத்திருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. பல கம்பெனி உத்தரவாதம் வாங்கின நாட்டோட நின்னுடும். கார்டு செத்தா, அதைத் திரும்பச் சுமக்கப் போறது அதே மச்சினன்தான்.

அப்போ என்னதான் வாங்குறது? முதல்ல பிள்ளையைக் கேளுங்க, என்ன ஆட்டம்னு. அப்புறம் திரை: 27 அங்குலம், 1440, 144 ஹெர்ட்ஸ் அல்லது மேல, அடாப்டிவ் சிங்க் கட்டாயம். திரை முடிவான பிறகுதான் கார்டு: 16 ஜிபி உள்ள 9060 எக்ஸ்டி அல்லது 5060 டிஐ அளவே தாராளம். முன்னது 160 வாட், பின்னது 180. 5090-ன்னா 575 வாட். உங்க அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் ஒரு வீட்டுக்கு எத்தனை வாட் விடுதுன்னு விசாரிச்சீங்களா? மிச்சப் பணத்துல நல்ல பவர் சப்ளையும், கரண்ட் போனா பொட்டியை ஒழுங்கா அணைக்க ஒரு யுபிஎஸ்ஸும் வாங்குங்க. எஸ்.பி. ரோட்டுல நாலு கடை ஏறி "எஷ்டு?"ன்னு கேளுங்க. ஜிஎஸ்டி பில் இல்லாமலோ, சீரியல் நம்பர் பில்லுல இல்லாமலோ நகராதீங்க.

'ஃபியூச்சர் ப்ரூஃப்'-ங்கிறது விக்கிறவங்க வார்த்தை. திரை பத்து வருஷம் உழைக்கும், கார்டு நாலு வருஷத்துல கிழடாகும். இன்னிக்கே 4கே திரையில மாட்டிவிட்டா நாளைக்கு வாங்குற ஒவ்வொரு கார்டும் அந்த நாலு மடங்கு பாரத்தைத் தூக்கியாகணும்.

ஏஎம்டியோட உலகத்துலயே பெரிய வடிவமைப்பு மையம் 2023 நவம்பர்ல திறந்தது இதே பெங்களூருலதான். என்விடியாவுக்கும் இங்க ஆள் படை உண்டு. சில்லை வடிக்கிற ஊர்ல குடியிருந்துக்கிட்டு, அட்டைப் பெட்டி எண்ணைப் பார்த்து ஏமாந்தா ஊருக்கே கேவலம். ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு அனுப்புற பணத்துலயும், பிள்ளையோட காலேஜ் ஃபீஸ்லயும் கை வெச்சு வாங்குற பொருள் இது. அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் கார்டைத் தேய்ங்க.