மஞ்சக் கோடு போட்டா மண்டையில் ஏறுமா?

எங்கள் உத்தமபாளையத்தில் திராட்சைக்கு அடுத்தபடியாக அமோக விளைச்சல் குரூப்-4 புத்தகங்கள்தான். டீக்கடை பெஞ்ச், பஸ் ஸ்டாண்ட்... எங்கே பார்த்தாலும் யாராவது ஓர் இளைஞர் குனிந்த தலை நிமிராமல் படித்துக்கொண்டிருப்பார். வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் விடுதலையா? பிரமோஷனுக்கு டிபார்ட்மென்ட் டெஸ்ட் இருக்கிறதே!

எல்லோரும் படிக்கிற விதம் ஒன்றுதான். படிப்பது, ஹைலைட்டரால் மஞ்சளாகக் கோடு போடுவது, மறுபடி படிப்பது. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், பைனான்ஸ் கம்பெனி கேஷியர். ராத்திரி பதினொரு மணி வரை படிப்பு. மூன்று தடவை பரீட்சை எழுதியாச்சு. "பெரியாறு அணையைக் கட்டி முடிச்சது எந்த வருஷம்?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"தெரியும்ண்ணே! இடது பக்கம், கீழேருந்து மூணாவது வரி. மஞ்சக் கோடு கூடப் போட்டிருக்கேன்!"

கோடு ஞாபகம் இருக்கிறது. 1895 மட்டும் வரவில்லை. இத்தனைக்கும் தினமும் குளிப்பது அந்தத் தண்ணீரில்!

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. தனக்கு மூளை மட்டம் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். வீட்டிலும் 'வயசாகுதுல்ல...' என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஸார், கோளாறு மூளையில் இல்லை. முறையில்!

2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவக்காரர்கள் காலேஜ் மாணவர்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பாடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். இன்னொன்றை ஒரே தடவை படித்து, மூடிவைத்துவிட்டு, ஞாபகம் இருப்பதை எழுதச் சொன்னார்கள். அஞ்சு நிமிஷம் கழித்து டெஸ்ட் வைத்தால், இரண்டு தடவை படித்த பாடம் 81 சதவிகிதம். எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்து வைத்தால் கதை தலைகீழ். படித்தது 42, எழுதிப் பார்த்தது 56!

ராத்திரி புத்தகத்தை மூடும்போது வருகிறதே ஒரு தெம்பு, அது அந்த அஞ்சு நிமிஷத் தெம்பு. சர்வீஸ் கமிஷன் அஞ்சு நிமிஷத்தில் பரீட்சை வைப்பதில்லையே! திரும்பத் திரும்பப் பார்த்தால் பக்கம் பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். தினமும் பஸ்ஸில் பார்க்கிற முகம் மாதிரி... முகம் தெரியும், பேர் தெரியாது.

இன்னொரு வழி நம்ம ஊர்ச் சரக்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தபடி சட்டாம்பிள்ளை. மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவன்தான். 1789-ல் மெட்ராஸ் எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அசந்துபோனார். தன் வாத்தியார்களிடம் சொன்னால், மசியவில்லை. எட்டு வயசுப் பையன் ஒருவனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். பையன் வெளுத்துக்கட்டினான்! 1797-ல் பெல் லண்டனில் புத்தகம் போட, 'மெட்ராஸ் முறை' உலகம் சுற்றியது. அவர் பிறந்த ஸ்காட்லாந்து ஊரில் இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

சரி, சட்டாம்பிள்ளைக்கு என்ன லாபம்? 2014-ல் வந்த ஓர் ஆராய்ச்சி பதில் சொல்கிறது. 'இதை நீங்கள் இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்கணும்' என்று சொல்லிப் படிக்கவைத்தவர்கள், 'டெஸ்ட் இருக்கு' என்று சொல்லிப் படிக்கவைத்தவர்களைவிட அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். கடைசியில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. நினைப்புக்கே அந்தப் பலன்!

ஆகவே, இன்றைக்கு ராத்திரி ஒரே ஒரு பக்கம் படியுங்கள். மூடுங்கள். பழைய பில்லுக்குப் பின்னால் எழுதிப் பாருங்கள். நாளைக்கு ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. பாதி வராது, எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும், அங்கேதான் பாடம் உள்ளே இறங்குகிறது. அப்புறம் தங்கச்சிக்கோ, ரூம்மேட்டுக்கோ சொல்லிக்கொடுங்கள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்காரரை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தேனிக்கு டிக்கெட் எடுத்தவர், சின்னமனூரிலேயே இறங்கிவிடுவார்!