சாவியை யாரிடம் கொடுப்பது?

ஆப்பிரிக்காவில் பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடம் என்றதும் நம் கண்முன் ஒரு படம் விரிகிறது. வெள்ளை அங்கி, கையில் வேத புத்தகம், பின்னே காடு, காட்டில் சிங்கம்! சிறு வயதில் படித்த கதைப் புத்தகங்கள் நம் மனத்தில் தீட்டிவிட்டுப் போன படம் அது. உண்மைப் படம் வேறு. அதில் சிங்கத்தைவிடக் கறையான்தான் அதிகம் தொல்லை கொடுக்கிறது. வேத புத்தகத்தைவிடக் கணக்குப் புத்தகந்தான் அதிக நேரம் கையில் இருக்கிறது.

மலேரியா ஒட்டுண்ணியைப் பற்றிய பாடத்துக்காகச் சென்ற விடுமுறையில் சில நூல்களைப் புரட்டப் போனேன். ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, லிவிங்ஸ்டோனியா மிஷனின் வரலாற்றில் போய் நின்றேன். படிக்கப் படிக்க நம் சங்கத்து மாலைப் பள்ளியின் நினைவு வந்து கொண்டே இருந்தது. ஆதலால் இதை எழுதுகிறேன். எனக்கும் அந்த மிஷனின் சமயத்துக்கும் தொடர்பில்லை. அதன் பள்ளிக்கூடங்களோடுதான் எனக்கு வழக்கு.

தமிழர்க்கு அந்த மிஷன் முற்றும் அந்நியமன்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்த அதே ஸ்காட்லாந்துச் சுயாதீனத் திருச்சபைதான் 1875-ஆம் ஆண்டில் நியாசா ஏரிக்கரையில் இந்த மிஷனைத் தொடங்கிற்று. அந்த ஏரிக்கு இன்று மலாவி ஏரி என்று பெயர். முதலில் போன கூட்டத்தில் இராபர்ட் லாஸ் என்ற இளம் மருத்துவரும் இருந்தார். அபர்டீன் நகரத்துத் தச்சர் ஒருவரின் மகன். தாமும் தச்சு வேலை பழகியவர். ஓய்ந்த நேரத்தில் படித்து மருத்துவமும் வேதசாஸ்திரமும் தேறியவர். 1875-இல் போனவர், 1927 வரை அந்நாட்டிலேயே உழைத்தார். 52 ஆண்டுகள்! சங்கத்து மாலைப் பள்ளியில் 52 வாரம் விடாமல் வகுப்பெடுத்தவர் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நாணமாக இருக்கிறது.

முதலில் கேப் மக்லியர் என்ற இடத்தில் குடியேறினார்கள். காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டு போயிற்று. எதனால் சாகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கொசுவே மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரொனால்டு ராஸ் நம் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல். அதற்கு 16 ஆண்டுகள் முன்பே, 1881-இல், லாஸ் தம் தோழர் சிலரைப் புதைத்த அந்தக் கரையை விட்டு வடக்கே பண்டாவேக்குப் போனார். 1894-இல் ஏரிக்கு மேலே ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள கொண்டோவே மேட்டுநிலத்துக்கு ஏறினார். அங்குதான் லிவிங்ஸ்டோனியா நிலைபெற்றது.

அங்கே ஒரு நாள் எப்படிப் போயிருக்கும்? விடியலில் மணி அடிக்கும். வழிபாடு முடியும். பிறகு? செங்கல் அறுக்க வேண்டும். சூளை போட வேண்டும். கூரைக்குப் புல் வேய வேண்டும். கறையான் தின்ற கம்பை மாற்ற வேண்டும். நோயாளிகள் வாசலில் காத்திருப்பார்கள். மரம் அறுப்பவனுக்குக் கூலி, சுமை தூக்கியவனுக்குத் துணி, மாணவர்க்கு மக்காச்சோள மாவு — எல்லாவற்றுக்கும் கணக்கு எழுத வேண்டும். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வகுப்பு வெறிச்சோடும். பயிரில் இறங்கும் பறவையை ஓட்டவும் மாட்டை மேய்க்கவும் பிள்ளைகள் போய்விடுவார்கள். மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டு நீர் கொண்டு வந்தார்கள். ஓடை நீரால் மின்சாரமும் எடுத்தார்கள். தச்சு, கொத்து, அச்சு, வேளாண்மை எல்லாம் கற்பித்தார்கள். அரசாங்கம் என்ன செய்தது என்கிறீர்களா? குடிசைக்கு வரி வாங்கிற்று! கல்விக்கென்று முதன்முதலாகப் பணம் ஒதுக்கியது 1907-இல்தான். அந்நாட்டு மிஷன்கள் அத்தனைக்கும் சேர்த்து 1000 பவுன்.

இவ்வளவும் பாராட்டத்தக்கன. நான் பாராட்டுகிறேன். ஆனால் மேட்டுநிலத்து மாளிகையோடு கதை முடிந்துவிடவில்லை. அந்த மலையைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிராமப் பள்ளிகள் இருந்தன. அவற்றை நடத்தியவர் யார்? வெள்ளைக்காரர் விரல்விட்டு எண்ணக்கூடியவர். அவர்கள் வருவது எப்போதோ ஒரு முறை பார்வையிட. பள்ளியைக் கட்டியவர் ஊரார். பாடம் சொன்னவர் நாலைந்து வகுப்புப் படித்த உள்ளூர் இளைஞர். நம் திருநெல்வேலிச் சீமையில் உபதேசியார் என்பார்களே, அவரைப் போன்றவர். மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்து மணலில் எழுத்தெழுதப் பழக்கியவர். சம்பளம் சொற்பம். பார்வையிட வந்தவரின் பெயர் அறிக்கையில் ஏறிற்று. பாடம் சொன்னவர் வெறும் எண்ணிக்கையாகவே ஏறினார்.

தொடக்கத்திலேயே இப்படித்தான். 1876-இல் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் பள்ளியிலிருந்து வந்தவர் வில்லியம் கோயி, கோசா இனத்தவர். போர்க்குணம் மிக்க என்கோனி மக்களிடம் முதலில் மிஷனுக்கு இடம் தேடித் தந்தவர் அவரே. அவருடைய மொழியும் அவர்களுடைய மொழியும் உறவு மொழிகள். ஸ்காட்லாந்துக்காரர் பல ஆண்டு முயன்று கற்க வேண்டியதை அவர் வாயைத் திறந்தே சாதித்தார். 1886-இல் அங்கேயே இறந்தார்.

இத்தகைய உழைப்பாளிகளுக்கு மிஷன் என்ன இடம் கொடுத்தது? இங்கேதான் என் வழக்கு. சார்லஸ் டொமிங்கோ என்பவர் சிறு பையனாக மிஷனுக்கு வந்து வளர்ந்தார். 1900-இல் வேதசாஸ்திரப் படிப்பை முடித்தார். குருப்பட்டத்துக்குக் காத்திருந்தார். ஆண்டுகள் சென்றன, பட்டம் வரவில்லை. 'இன்னும் பக்குவம் வேண்டும், இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும்' என்பதே பெரியவர்களின் எண்ணம். 1908-இல் அவர் விலகிப் போய்த் தாமே தனிப் பள்ளிகள் நடத்தினார். லிவிங்ஸ்டோனியாவில் முதல் ஞானஸ்நானம் நடந்தது 1881-இல். முதல் ஆப்பிரிக்கக் குருமார் மூவர், முவாசி, ட்வேயா, சிர்வா என்பார், பட்டம் பெற்றது 1914-இல். இடையே 33 ஆண்டுகள்! அந்த மூவரில் ஒருவரான முவாசியும் 1933-இல் பிரிந்து போய்த் தனிச் சபை கண்டார். பள்ளிக்கூடம் திறக்கத் தெரிந்தவர்களுக்குச் சாவியைக் கைமாற்றத் தெரியவில்லை.

இன்னொரு சான்று தருகிறேன். லிவிங்ஸ்டோனியாவில் படித்த டேவிட் கவுண்டா என்ற டோங்கா இளைஞரை 1904-இல் மேற்கே பெம்பா மக்களிடம் அனுப்பினார்கள். அது இன்றைய சாம்பியா நாடு. வேற்று நாடு, வேற்று மொழி. வெள்ளைக்காரர் எவரும் உடன் இல்லை. பேசிப் பழகி, ஊர் ஊராகப் பள்ளிகள் தொடங்கி, லுப்வா மிஷனுக்கு அடித்தளம் இட்டார். 1913-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் வந்து சேர்ந்தார். பொறுப்பு அவர் கைக்குப் போயிற்று. பள்ளிகளைத் தொடங்கியவருக்கோ குருப்பட்டம் கிடைத்தது 1930-இல்தான். இரண்டே ஆண்டில் இறந்துவிட்டார்.

அவர் துணைவியார் ஹெலனும் ஆசிரியை; அந்நாட்டில் முதன்முதலில் ஆசிரியைகளான ஆப்பிரிக்கப் பெண்களுள் ஒருவர். அவர்களுடைய கடைசி மகனுக்கு அப்போது எட்டு வயது. மரத்தடி மணலில் விரலால் எழுத்துப் பழகிய பிள்ளை. தந்தை இறந்த ஆண்டில், பள்ளிக் கட்டணம் இரண்டரை ஷில்லிங் கட்ட வழியில்லாமல் கண்ணீரோடு நின்றதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். தந்தை தோற்றுவித்த மிஷனின் பள்ளியில் மகனுக்குக் கட்டணம்! அந்தச் சிறுவன்தான் 1964-இல் சாம்பியாவின் முதல் குடியரசுத் தலைவரான கென்னத் கவுண்டா. அவரும் முதலில் ஆசிரியராக இருந்தவரே.

'பழங்கதை ஏன்?' என்று கேட்பவர்களுக்கு அண்மைக் கதை ஒன்றும் சொல்கிறேன். மலாவி அரசாங்கம் 1994-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கிற்று. மாணவர் தொகை சுமார் 19 இலட்சத்திலிருந்து ஒரேயடியாக 30 இலட்சத்தை நெருங்கிற்று. கூரை போதவில்லை, புத்தகம் போதவில்லை. வகுப்பில் போய் நின்றவர் யார்? அவசரமாக வேலைக்கு எடுத்த, பயிற்சி முடியாத உள்ளூர் இளைஞர் சுமார் 20,000 பேர். அன்று மணலில் எழுதக் கற்பித்த இளைஞரின் பேரப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம்.

நான் பிழைப்புத் தேடி வடக்கே வந்த குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் ஒரு தமிழ் வகுப்பு நடந்தது. கல்லூரி அண்ணன்மார் வந்து நடத்தினார்கள். நல்லவர்கள், பாட்டும் கதையும் சொல்வார்கள். தேர்வு வந்தால் வரமாட்டார்கள். பட்டம் பெற்றதும் போய்விடுவார்கள். அவர்கள் வராத வாரங்களில் எங்களை உட்கார வைத்து அ, ஆ எழுதச் சொன்னவர் தையல் இயந்திரம் வைத்திருந்த ஓர் அம்மா. ஐந்தாம் வகுப்பு வரை ஊரில் படித்தவர். துணி தைத்துக்கொண்டே எங்கள் பிழைகளைத் திருத்துவார். நான் இந்த எழுத்தை எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் அந்த அம்மாதான். அண்ணன்மாரின் சங்கத்து ஆண்டறிக்கை ஒன்றைப் பின்னாளில் பார்த்தேன். 13 தொண்டர்களின் பெயர் இருந்தது. அந்த அம்மாவின் பெயர் இல்லை. பொறுப்பு எதுவும் அவரிடம் தரப்படவில்லை. ஓராண்டு அண்ணன்மார் வரவில்லை; கரும்பலகையும் புத்தகமும் பூட்டிய அறைக்குள் கிடந்தன; சாவி விடுதியில் இருந்தது. வகுப்பு நின்றது.

இன்று நம் சங்கம் அதே போன்ற குடியிருப்பு ஒன்றில் மாலைப் பள்ளி நடத்துகிறது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் இருக்கிறாள். நாம் போகாத நாட்களில் சிறு பிள்ளைகளுக்கு அவள்தான் பாடம் சொல்கிறாள். இது நம் அனைவருக்கும் தெரியும். ஆயினும் வரும் ஆண்டுக்கான பொறுப்பாளர் பட்டியல் பற்றிப் பேச்சு வந்தபோது நம் விடுதி அறை எண்களே ஒப்பிக்கப்பட்டன. அவள் பெயரை நான் சொன்னேன். 'பாவம், சின்னப் பெண். கணக்கு வழக்குத் தெரியாது' என்றார் ஒரு நண்பர். 'இன்னும் ஓராண்டு போகட்டும்' என்றார் இன்னொருவர். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கொண்டோவே மேட்டிலிருந்த பெரியவர்களும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. 'இன்னும் ஓராண்டு' என்ற அந்த நல்லெண்ணந்தான் 33 ஆண்டுகளாக வளர்ந்தது!

கணக்கு தெரியாதா? கற்றுக் கொடுப்போம். நமக்குக் கணக்குத் தெரியும் என்று யார் சொன்னார்கள்? சென்ற ஆண்டு சுண்ணக்கட்டி வாங்கிய ரசீது இன்னும் கிடைத்தபாடில்லை. தவறு செய்தால்? செய்யட்டும். நாம் செய்த தவறுகளைக் குடியிருப்பார் பொறுத்துக் கொள்ளவில்லையா?

என் கோரிக்கை மூன்று. ஒன்று: பள்ளியின் வருகைப் பதிவேடு, பணப்பெட்டி, சாவி ஆகிய மூன்றும் குடியிருப்பில் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணும் அங்குள்ள பெற்றோர் இருவரும் பொறுப்பேற்கட்டும். இரண்டு: அவள் செலவிடும் நேரத்துக்குச் சங்கம் மாதந்தோறும் ஊதியம் தர வேண்டும். தொண்டு என்பது வசதியுள்ளவர் செய்வது. வசதியில்லாதவரிடம் அதையே கேட்பது சுரண்டல். மூன்று: நாம் உதவியாளராகப் போவோம். அறிவியல், ஆங்கிலம், கணக்கு — அவர்கள் கேட்பதை, கேட்கும் நாளில் சொல்லிக் கொடுப்போம்.

இதனால் நம் பெருமை குறைந்துவிடுமா? லாஸ் அவர்களின் பெருமை எதில் நிற்கிறது? கொண்டோவேயில் அவர் கட்டிய கல் வீட்டைப் பார்க்க இன்றும் சிலர் மலை ஏறுகிறார்கள். ஆனால் அவர் திறந்து வைத்த கல்வியைத் தூர தேசம் கொண்டு சென்றவர் டேவிட் கவுண்டா. அவரை முழு மனத்தோடு உடனிருத்தியிருந்தால் அந்த மிஷனின் வரலாற்றில் எத்தனை பிளவுகள் குறைந்திருக்கும்!

தோழர்களே, லாஸ் இருந்ததுபோல் நம்மால் 52 ஆண்டுகள் இருக்க முடியாது. இரண்டு ஆண்டில் பட்டம், பிறகு வேலை, பிறகு எந்த ஊரோ! போகிறவர்கள் நாம், இருக்கிறவர்கள் அவர்கள். போகிறவன் கையில் சாவி இருப்பது எந்த ஊர் நியாயம்? அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். எதிர்ப்பவர்கள் எதிர்க்கட்டும், ஆனால் 'இன்னும் ஓராண்டு' என்று மட்டும் சொல்ல வேண்டாம்.