பதினேழாவது ஆள்



அரசியல் தொடர் என்றாலே நமக்கு வில்லன்தான் முதலில் நினைவுக்கு வருவான். 1990-இல் பிபிசியில் வந்த 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' பார்த்தவர்கள், கேமராவைப் பார்த்து நம்மிடமே ரகசியம் பேசும் பிரான்சிஸ் அர்குவார்ட்டை மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆள் பொய் சொன்னால் நமக்கு அதிர்ச்சி இல்லை. அதைப் பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம்! நல்லவர் பொய் சொல்லும்போதுதான் நெளிய வேண்டியிருக்கிறது. என்னை அப்படி நெளிய வைத்தது 'தி வெஸ்ட் விங்'.

ஆரன் சோர்கின் உருவாக்கி, 1999 முதல் 2006 வரை என்பிசியில் ஓடிய தொடர். மார்ட்டின் ஷீன் நடித்த அமெரிக்க ஜனாதிபதி பார்ட்லெட் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர். கோபக்காரர், ஆனால் பாசக்காரர். அவருக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய். தேர்தலில் நிற்கும்போதே தெரியும். நாட்டுக்குச் சொல்லவில்லை.

இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1893-இல் ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து, வாய்க்குள் இருந்த கட்டியை ஓர் உல்லாசப் படகில் வைத்து யாருக்கும் தெரியாமல் அறுத்து எடுத்துக்கொண்டார். 1919-இல் ஜனாதிபதி உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் படுத்தபோது, எந்தக் கோப்பு அவரது அறைக்குள் போகலாம் என்பதை மனைவி எடித்தான் முடிவு செய்தார்.

2001 ஏப்ரலில் வந்த '17 பீப்பிள்' அத்தியாயத்தை மட்டுமாவது பாருங்கள். ஜனாதிபதியின் உரைகளைச் செதுக்கும் டோபி, இரவில் சுவரில் ரப்பர் பந்தை எறிந்து எறிந்து யோசிக்கிறார். அடுத்த தேர்தலில் தானே நிற்கப்போவதுபோல் துணை ஜனாதிபதி ஏன் இப்போதே காய் நகர்த்துகிறார்? கேள்வி முற்றியதும் வேறு வழியின்றி டோபியிடம் உண்மையைச் சொல்கிறார்கள். ரகசியம் தெரிந்த பதினேழாவது ஆள் அவர். டோபி உருகவில்லை, பார்ட்லெட்டிடம் கணக்குக் கேட்கிறார். நீங்கள் சுடப்பட்டு மயக்க மருந்தில் கிடந்த இரவில் அதிகாரத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லையே, அப்போது நாட்டை நடத்தியது யார்? அப்படி அதிகாரத்தை எழுதிக் கொடுப்பதற்கென்றே 1967-இல் அரசியல் சட்டத்தில் 25-ஆவது திருத்தம் வந்திருக்கிறது. பார்ட்லெட்டுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

எனக்கும் டோபி மீதுதான் கோபம் வந்தது, நோயாளியிடம் இப்படியா பேசுவது என்று! சோர்கினின் சாமர்த்தியமே அதுதான். முதல் சீசனிலேயே நோயை நம்மிடம் சொல்லிவிட்டு, அந்த ரகசியத்தைக் காப்பாற்றும் கூட்டத்தில் நம்மையும் சேர்த்துவிட்டார். நமக்குப் பிடித்தவர் மறைத்தால் அது 'சொந்த விஷயம்' ஆகிவிடுகிறது. மற்றவர் மறைத்தால் மோசடி.

பிறகு இந்த மறைப்பை வழக்கறிஞர்கள் குடைகிறார்கள். வெள்ளை மாளிகையை ஆட்டிவைக்க வருவது ராணுவ ஆவணமில்லை, மகளின் கல்லூரிக்குக் கொடுத்த மருத்துவப் படிவம். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்ற இடத்தில் உண்மையை விட்டுவிட்டு அம்மா ஆபி கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த அம்மாள் ஒரு மருத்துவர்; கணவருக்கு ரகசியமாக மருந்து கொடுத்து வந்தவரும் அவரே.

உண்மை வெளிவந்த பிறகு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஜனாதிபதிமீது கண்டனத் தீர்மானம் போட்டதோடு சரி. அவர் மறுபடி நின்றார், அமோகமாக ஜெயித்தார். அந்த அத்தியாயத்தில் நானும் கைதட்டினேன். கணவர் பதவியில் இருக்கும்வரை மருத்துவ உரிமத்தை விட்டுக்கொடுப்பதாக முடிவெடுத்தவர் ஆபி.

அன்புடன்,
ஆசிரியர்